தலை லைட் வாங்கப் போகிறீர்களா? முதலில் தராசில் வையுங்கள்

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம், ரப்பர் தோட்ட மருந்தகத்தில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரெசராக வேலை பார்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. காலையில் ரப்பர் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவர்களில் மாசத்துக்கு நாலைந்து பேராவது கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். தைலம் கொடுப்பேன், இரண்டு நாளைக்கு மாத்திரை கொடுப்பேன், அடுத்த மாசம் அதே முகம் திரும்பி வரும். வயசாகிறது, குனிந்து நிமிர்கிற வேலை, வேறென்ன என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் ஓர் அக்கா தலை லைட்டைக் கழற்ற மறந்து அப்படியே வந்து உட்கார்ந்தார். கழற்றிக் கையில் வாங்கினேன், கனம் ஒரு மாதிரி இருந்தது. பிள்ளைகளை நிறுக்கிற தராசு மேசைமேல் இருந்ததால் சும்மா வைத்துப் பார்த்தேன். 410 கிராம். ஒரு கோழிமுட்டை 60 கிராம் என்றால் ஏழு முட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு விடியற்காலை ஐந்து மணியிலிருந்து பாலுக்காக மரம் சீவுகிறார் என்று கணக்கு.

"கனமா இருந்தாத்தானே டிரெசர் நல்ல சாமான்?" என்றார்.

பிரச்சினையே இங்கேதான். அந்த லைட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே மோட்டார் சைக்கிள் பேட்டரியின் தம்பி மாதிரி ஒரு சின்ன ஈய பேட்டரி. அதுவும் நெற்றிக்கு முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது பெரிதாகத் தெரியாது, ஆனால் வெட்டுக்கோட்டைப் பார்க்கத் தலையைக் குனிந்தவுடனே அந்தக் கனம் முழுவதையும் பிடரித் தசைதான் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 500, 600 மரம், மரத்துக்கு ஒரு குனிதல் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். என் அப்பா காலத்துக் கார்பைட் விளக்கில் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கல்லில் விழுந்து எரிவாயு கிளம்பும், வரிசை வீடுகள் உள்ள லயமே நாறும், அதோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம் என்பார்கள் பெரியவர்கள். சரிதான், ஆனால் இன்றைக்கு இதைவிட நல்லது கிடைக்கும்போது ஏன் சுமக்க வேண்டும்?

மரம் சீவுகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது ஒற்றை பேட்டரி லைட்தான். அதில் இரண்டு வகையைப் பார்த்தால் போதும். ஒன்று, சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே, அந்த டபுள் ஏ ஒன்று மட்டும் போடுகிற லைட். சார்ஜ் ஏற்றும் டபுள் ஏ பேட்டரி சுமார் 30 கிராம், லைட்டோடு சேர்த்தும் நூறைத் தாண்டாதவை நிறைய இருக்கின்றன. வெளிச்சத்தை லூமன் என்று அளப்பார்கள், 50 லூமன் அளவில் வைத்தால் இரண்டு, மூன்று மணி நேரம் ஓடும். சூரியன் வருகிறவரைக்கும் அது போதும். அவசரத்துக்கு எந்த மளிகைக்கடையிலும் அதே அளவில் சாதாரண பேட்டரி கிடைக்கும் என்பது கூடுதல் வசதி. இன்னொன்று, 18650 என்கிற லித்தியம் பேட்டரி போடுவது. பெயரிலேயே அளவு இருக்கிறது, 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். இது 45, 50 கிராம் வரும். டபுள் ஏயைவிட நாலைந்து மடங்கு மின்சாரம் பிடிக்கும், அதே வெளிச்சத்தில் தினம் இரண்டு மணி நேரம் என்றால் ஒரு வாரம் சார்ஜ் பற்றி நினைக்கவே வேண்டாம். இரண்டில் எது என்று கேட்டால், வீட்டில் ஒழுங்காகச் சார்ஜ் போடுகிற பழக்கம் உள்ளவருக்கு 18650, மறதிக்காரருக்கு டபுள் ஏ.

மூன்று சின்ன பேட்டரி போடுகிற லைட் மலிவுதான். ஆனால் ஒன்று செத்ததும் அதை மட்டும் மாற்றிவிட்டுப் பழையது இரண்டையும் அப்படியே விடுவோம், இது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. பலவீனமானது முதலில் தீர்ந்துபோகும், மற்றவை அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கடைசியில் அது ஒழுகி ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பூ தோலை அரிக்கிற காரம், விரலில் பட்ட கையோடு கண்ணைத் தேய்க்காதீர்கள். ஒற்றை பேட்டரியில் இந்தக் கலப்புத் தொல்லையே கிடையாது.

அப்புறம் லூமன். பெட்டியில் 1000, 2000 என்று போட்டிருந்தால்தான் நம் ஆட்களுக்குத் திருப்தி. மரத்துக்கும் கண்ணுக்கும் இடையில் இரண்டடி கூட இல்லை, அங்கே அவ்வளவு வெளிச்சம் விழுந்தால் ஈரப் பால் பளபளத்துக் கண்ணைக் கூசும், பட்டை எங்கே முடிகிறது என்று தெரியாமல் மரத்தில் காயம் பட்டுவிடும். இதைவிட மோசம், கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிட்டால் வட்டத்துக்கு வெளியே எல்லாமே கறுப்பாகிவிடும். மறுபடி இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். கெடாவில் இருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. மலாய்க்காரர்கள் காப்பாக் போடோ என்று சொல்லும் பாம்பு காய்ந்த இலையோடு இலையாகக் கிடக்கும், ஆள் பக்கத்தில் வந்தாலும் நகராது, அதனால்தான் அதற்கு முட்டாள் என்று பெயர். மிதித்தால் மட்டும் முட்டாள் இல்லை. காலடியையும் சேர்த்துக் காட்டுகிற, ஒளி பரவலாக விழும் லைட் வேண்டும், பூட்ஸும் வேண்டும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது எல்லாம் வேண்டாம், காலை அசைக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரி.

எத்தனை மணி நேரம் ஓடும் என்று பெட்டியில் எழுதியிருப்பதையும் அப்படியே நம்பாதீர்கள். நல்ல கம்பெனிகள் பின்பற்றுகிற ஏஎன்எஸ்ஐ என்கிற அமெரிக்க அளவுமுறையிலேயே, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 10 சதவீதமாகக் குறைகிறவரைக்கும் ஓடுவதாகத்தான் கணக்கு. பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் மரம் சீவிப் பாருங்கள், தெரியும்.

நிறமும் முக்கியம். நீலம் கலந்த வெள்ளையைவிடக் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெளிச்சம் நல்லது, பூச்சி குறைவாக வரும். காலை ஐந்தரைக்கு என் வீட்டுக் கதவைத் தட்டி, காதுக்குள் வண்டு ஓடுகிறது என்று துள்ளிக் குதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹேர்பின், தீக்குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். காதில் சீழ், ஓட்டை இல்லை என்றால் வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டால் பூச்சி அடங்கிவிடும், அப்புறம் கிளினிக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

இனி பேட்டரி. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் 9900 மில்லி ஆம்பியர் ஹவர் பிடிக்கும் என்று அச்சடித்த 18650 விற்கிறார்கள். சுத்தப் பொய். அந்த அளவுக் குழாயில் இன்றைக்கு நல்ல பேட்டரியே பெரும்பாலும் 3500ஐ ஒட்டித்தான் பிடிக்கும். கையில் எடுத்ததும் லேசாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். லைட் லேசாக இருக்க வேண்டும், பேட்டரி லேசாக இருந்தால்தான் சந்தேகம். 14500 என்று ஒன்று டபுள் ஏ அளவிலேயே வருகிறது, ஆனால் 3.7 வோல்ட். போடலாம் என்று லைட்டிலேயே எழுதியிருந்தால் ஒழியப் போட வேண்டாம், லைட் கருகிவிடும்.

உபரி பேட்டரியை எங்கே வைக்கிறீர்கள்? ஒரு பையன், கல்யாணமாகி மூன்று மாசம், 18650 ஒன்றைக் கால்சட்டைப் பையில் வீட்டுச் சாவியோடும் சில்லறையோடும் போட்டுக்கொண்டு மோட்டாரில் போயிருக்கிறான். உலோகம் இரண்டு முனையையும் தொட்டுவிட்டது. தொடையில் உள்ளங்கை அளவு வெந்து, நைலான் துணி தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தான். சாவியின் பல் தோலில் அச்சாகப் பதிந்திருந்தது. வீட்டில் பாட்டி அதன்மேல் கிச்சாப், அதாவது சோயா சாஸ், ஊற்றி அனுப்பியிருந்தார், புண்ணைக் கழுவவே எனக்கு அரைமணி நேரம். தயவுசெய்து கிச்சாப், பற்பசை எதுவும் வேண்டாம், ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். பேட்டரிக்கென்று இரண்டு ரிங்கிட்டுக்குப் பிளாஸ்டிக் டப்பா கிடைக்கிறது.

லைட்டைத் தலையில் கட்டுகிற பட்டையை வாரம் ஒரு தடவை சோப்புப் போட்டு அலசிக் காயவையுங்கள், நெற்றியில் தேமலோடு வருகிறவர்கள் பாதிப் பேர் அதைத் துவைத்ததே இல்லை. மழைக்கு, தண்ணீர் தாங்கும் அளவாக ஐபிஎக்ஸ் 4 என்று போட்டிருந்தால் தூறலுக்குத் தாங்கும், கால்வாயில் விழுந்தாலும் பிழைக்க வேண்டும் என்றால் ஐபிஎக்ஸ் 7 பாருங்கள்.

அந்த அக்கா தீபாவளிக்கு முன்னால் புது லைட்டோடு வந்து, நான் கேட்காமலேயே தராசில் வைத்தார். 95 கிராம். பழையதை அவர் வீட்டுக்காரர் ராத்திரி ஆற்றில் மீன் பிடிக்கக் கட்டிக்கொண்டு போகிறாராம், கழுத்து வலி இன்னும் வரவில்லையாம். வரட்டும், தராசு அங்கேயேதான் இருக்கிறது.