பழைய ஃப்ரேமில் புதுச் சக்கரம் ஏன் உட்காராது?

சீவலப்பேரி ரோட்டில் என் பழைய 18 கியர் சைக்கிளின் பின்சக்கரம் திடீரென்று ஆட ஆரம்பித்தது. உருட்டிக்கொண்டே பாளையங்கோட்டை வந்து கழற்றினால், சக்கரத்தின் நடுவே போகும் தண்டான ஆக்சில் இரண்டு துண்டு. உடைந்தது செயின் பக்கம். பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் உடையும். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். வீட்டில் அக்கா மகன் போட்டுவிட்டுப் போன சக்கரம் ஒன்று கிடந்தது. அதே 26 இன்ச், 8 பல்சக்கரம் உள்ள கேசட் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு). சரி, மாட்டிவிடலாம் என்று தூக்கி வைத்தால், பின்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் கவைக்குள்ளேயே நுழையவில்லை.

உயரம் பொருந்தியது, அகலம் இடித்தது. ஃப்ரேமின் பின்கவையில் ஆக்சில் உட்காரும் இரண்டு காடிகளுக்கும் நடுவே 126 மி.மீ. புதுச் சக்கரத்தில், ஆக்சிலின் இருபுறமும் இறுக்கியிருக்கும் லாக் நட்டுகளில் ஒன்றின் வெளிமுகத்திலிருந்து மற்றதன் வெளிமுகம் வரை 135. (ஆக்சில் முனையையும் சேர்த்து அளந்துவிடாதீர்கள், அது காடிக்குள் போகிற பகுதி.) பின்னால் 5 பல்சக்கரம் இருந்த காலத்தில் இந்த அளவு 120. ஆறும் ஏழும் வந்தபோது 126, பிறகு 130. மலைச் சைக்கிள்கள் வெகுகாலம் 135-இல் நின்றன. பல்சக்கரம் கூடக் கூட, ஆக்சிலைச் சுற்றியிருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்கு இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆக, 9 மி.மீ. குறைகிறது. கடையில் போய், "கையால விரிச்சு உள்ள தள்ளிருவோமா அண்ணாச்சி?" என்றேன்.

"தள்ளலாம் தம்பி. ஆனா அது மூடத்தாம்லா பாக்கும்."

இரும்பின் குணமே அவர் சொன்னதுதான். ஓரளவு வரை இழுத்தால் அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள் நீளும். கையை விட்டதும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டினால் உலோகத்துக்குள் இருக்கும் படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். வழுக்கியது திரும்பாது. 130-ஐ 135 ஆக்குவதென்றால் பக்கத்துக்கு இரண்டரை மி.மீ., சக்கரம் போடும்போது கையாலேயே விரித்துக்கொள்ளலாம். ஒன்பதைக் கையால் விரித்து ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் மல்லுக்கட்டு. அதனால் கவையை நிரந்தரமாகவே அகட்டிவிடுவது மேல். இரும்பு ஃப்ரேமுக்கு மட்டும்தான் இது. அலுமினியத்தில் கை வைக்கவே கூடாது. வெல்டை ஒட்டிக் கீறல் விழும், ஓடும்போது விட்டுப்போகும்.

அண்ணாச்சி ஒரு நீளக் கட்டையைக் கவைக்குள் கொடுத்து ஒரு காலை மட்டும் நெம்பினார். இரண்டையும் சேர்த்து விரித்தால் பலவீனமான கால்தான் முதலில் போகும். பல ஃப்ரேம்களில் செயின் பக்கக் குழாயைப் பல்சக்கரத்துக்கு இடம்விட நசுக்கியிருப்பார்கள். இரண்டு விரல்கடை தூரம் இழுத்து விட்டார். அளந்தால் மாற்றமே இல்லை. இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டார், ஒரு மில்லிமீட்டர் தங்கியது. இப்படிப் பக்கத்துக்கு நாலரை வருவதற்குள் டீ ஆறிவிட்டது.

அப்புறம் நூல். ஒரு காடியில் கட்டி, ஹேண்டில்பாருக்குக் கீழே ஃப்ரேமின் முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறு காடியில் முடிந்தார். சீட் குழாயிலிருந்து இருபக்க நூலுக்கும் ஒரே தூரம் இருந்தால் ஃப்ரேம் நேர். எனக்கு 2 மி.மீ. வித்தியாசம், மறுபடி கட்டை.

இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சுமார் 43 செ.மீ. நீளக் காலை நாலரை மி.மீ. அகட்டினால் அதன் காடி அரை டிகிரிக்குச் சற்று மேலே திரும்பிவிடும். இரண்டும் சேர்ந்து ஒரு டிகிரிக்கு மேல். அப்படியே நட்டை இறுக்கினால், காடிகளை நேராக்க முயன்று ஆக்சில்தான் வளையும். காடிகளையும் தனியாக வளைத்து இணையாக்க வேண்டும்.

இப்போது உடைந்த ஆக்சிலுக்கு வருவோம். பழைய ஹப்பில், பல்சக்கரங்களைத் தாங்கும் ஃப்ரீவீல் மரை போட்டு வெளியே நிற்கிறது. ஆக்சில்மேல் ஹப் சுழல உதவும் குண்டுகளான பால்ஸ், செயின் பக்கத்தில் அதற்கு உள்ளே, காடியிலிருந்து வெகு தூரத்தில். சப்பரம் தூக்கும்போது தோள் சப்பரத்தை ஒட்டியிருந்தால் கம்பு வளையாது, தள்ளிப்போகப் போகத்தான் வளையும். இங்கே காடிதான் தோள், பால்ஸ் சுமை. ஷிமானோ 1978-இல் கொண்டுவந்த கேசட் ஹப்பில் பல்சக்கரம் சுற்றுகிற பகுதி ஹப்போடு சேர்ந்ததாகி, பால்ஸ் அதன் வெளி ஓரத்துக்கே வந்துவிட்டது. தோளை ஒட்டிய சுமை. என் கணக்கில் இந்தச் சக்கரத்தை மாற்றியதில் கிடைத்த உண்மையான லாபம் இதுதான். கூடுதலாக வந்த இரண்டு பல்சக்கரம் உபரி.

மீதி வேலை சின்னது. கியர் லீவர் படி இல்லாமல் வழுக்கும் பழைய ரகம், எட்டையும் பிடித்துக்கொண்டது. படிப்படியாக நிற்கும் லீவர் என்றால் அதையும் மாற்றியாக வேண்டும், பல்சக்கரங்களுக்கு இடையிலான இடைவெளி வேறு. 27.5 இன்ச் சக்கரமாக இருந்திருந்தால் ரிம் 12.5 மி.மீ. உயர்ந்து பிரேக் கட்டை ரிம்மில் பிடிக்க வேண்டிய இடத்துக்குக் கீழே போயிருக்கும்.

சக்கரம் விரல் பட்டதும் உள்ளே போய் உட்கார்ந்தது. அண்ணாச்சி உடைந்த ஆக்சிலின் நீளத் துண்டை எடுத்து மேசைக் கண்ணாடிமேல் உருட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் நடு எழும்பி எழும்பி இறங்கியது. உடைவதற்கு எத்தனையோ நாள் முன்பே அது வளைந்துபோயிருக்கிறது.