சிர்கோனியாவுக்குள் ஆக்சிஜன் நகர்வது எப்படி?

ஒழுங்காக அடுக்கப்பட்ட ஒரு படிகத்தில் அயனிகள் எளிதில் நகர்வதில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஓர் அயனி ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது. தூய சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) ஆக்சிஜன் அயனிகளை மிகக் குறைவாகவே கடத்துவதற்கு இதுவே முதன்மைக் காரணம். அதில் சிறிது இட்ரியம் ஆக்சைடைக் கலந்தால் நிலைமை மாறுகிறது. நான்கு நேர்மின்சுமை கொண்ட சிர்கோனியத்தின் இடத்தில் மூன்று மட்டுமே கொண்ட இட்ரியம் வந்து அமர்வதால், மின்சுமையைச் சமன் செய்ய, இரண்டு இட்ரியத்துக்கு ஓர் ஆக்சிஜன் இடம் காலியாக விடப்படுகிறது. பக்கத்து அயனி அந்தக் காலியிடத்துக்குத் தாவ, அது விட்டுவந்த இடம் அடுத்ததற்கு வழியாகிறது.

ஜெர்மானிய வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1890களின் இறுதியில் செய்த விளக்கு இக்கலவையால் ஆனதுதான். குளிர்ந்த நிலையில் அது மின்சாரத்தைக் கடத்தாது; முதலில் சூடேற்ற வேண்டியிருந்தது. தாவும் அயனி வழியிலுள்ள நேர்மின் அயனிகளுக்கு இடையே நெருக்கிக்கொண்டு புகவேண்டும் என்பதால் வெப்பம் தேவைப்படுகிறது. இந்தக் கடத்தலுக்குக் காலியிடங்களே காரணம் என்பதை மற்றொரு ஜெர்மானிய வேதியியலாளரான கார்ல் வாக்னர் 1943இல்தான் விளக்கினார்.

அப்படியானால் இட்ரியத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். ஆனால் இட்ரியம் ஆக்சைடு ஏறத்தாழ 8 மோல் விழுக்காட்டில் (மூலக்கூறு எண்ணிக்கையில் நூற்றுக்கு 8) இருக்கும்போது கடத்துதிறன் உச்சத்தை அடைந்து, பின்னர் சரிகிறது. அந்த அளவில் 27 ஆக்சிஜன் இடங்களுக்கு ஒன்று காலி. 1000 டிகிரி செல்சியஸில் கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 0.1 சீமென்ஸ் (மின்கடத்தலின் அலகு). அதற்கு மேல் காலியிடங்கள் கலப்பு அயனிகளுடனும் தமக்குள்ளும் பிணைந்து நகரும் தன்மையை இழக்கின்றன. அயனியின் பருமனும் இதில் முக்கியம்: சிர்கோனியத்தைவிட இட்ரியம் கணிசமாகப் பெரியது என்பதால் சுற்றியுள்ள அணிக்கோவை (அயனிகளின் ஒழுங்கான அடுக்கு) உருத்திரிகிறது; சிர்கோனியத்துக்கு நெருங்கிய அளவுள்ள ஸ்காண்டியத்தைச் சேர்த்தால் கடத்தல் கூடுகிறது. ஸ்காண்டியத்தின் விலைதான் இடையூறு.

ஆகவே எண்ணிக்கையைவிட, காலியிடங்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதே கூடுதலாகக் கவனிக்கத் தக்கது என்பேன். பிஸ்மத் ஆக்சைடு இதற்கு நல்ல சான்று. சுமார் 729 டிகிரிக்கு மேல் அதன் கனசதுர வடிவில் ஆக்சிஜன் இடங்களில் கால்பங்கு, கலப்பு எதுவுமின்றியே, ஒழுங்கின்றிக் காலியாகிறது. கடத்துதிறன் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு எகிறுகிறது. ஆனால் 824 டிகிரியிலேயே அது உருகிவிடுகிறது. எர்பியம் என்ற உலோகத்தின் ஆக்சைடைச் சேர்த்து இந்த வடிவைக் குறைந்த வெப்பநிலையிலும் நிலைநிறுத்தலாம். எனினும் 500 டிகிரியை ஒட்டி நெடுநேரம் வைத்திருந்தால், கனசதுர வடிவம் குலையாமலேயே காலியிடங்கள் மெல்ல வரிசைப்பட்டு, கடத்துதிறன் வீழ்கிறது.