பேரவையும் மதியுரைக் குழுவும்

‘அவதான நிலையத்தின் கவுன்சில் ஆலோசனை வழங்கியது’ என்று தமிழில் எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் உறுத்தாது. ஆனால் அது பிழை. பன்னாட்டு வானியல் அவதான நிலையமொன்றில் கவுன்சில் ஆலோசனை வழங்குவதில்லை, முடிவெடுக்கிறது. ஆலோசனை சொல்ல வேறு குழுக்கள் இருக்கின்றன.

குழப்பம் ஆங்கிலத்திலேயே பழையது. இலத்தீனில் ‘கொன்கிலியும்’ என்றால் கூட்டி அழைக்கப்பட்ட அவை, ‘கொன்சிலியும்’ என்றால் அறிவுரை. இரண்டும் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஒன்றோடொன்று கலந்தன. பிறகு அவைக்கு council, அறிவுரைக்கு counsel என்று எழுத்தில் பிரித்துக்கொண்டார்கள், ஒலியில் இன்றும் ஒன்றுதான். அந்த ஒலியை நாம் ‘கவுன்சில்’ என்று அப்படியே எடுத்துக்கொண்டால் குழப்பமும் கூடவே வரும்.

இலங்கையில் கவுன்சிலுக்கு வழக்கமான தமிழ் ‘சபை’. மாநகர சபை, பிரதேச சபை என்று நாளும் சொல்கிறோம். ‘சபா’ என்ற வடசொல்லின் வழி வந்தது. அதில் குறையில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் சபை என்றே சொல்லிச் சொல்லிச் சொல் தேய்ந்துவிட்டது. வந்தாறுமூலைக்குப் போனால் இன்னும் கூர்மையான சொல் கிடைக்கும். அங்குள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கவுன்சில் ‘பேரவை’, செனட் ‘மூதவை’. நிருவாகமும் பணமும் பேரவையின் பாடு, கல்வி விடயங்கள் மூதவையின் பாடு. திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்களே உண்டு, ஆகவே ‘அவை’ நமக்குப் புதிதில்லை. அவதான நிலையத்தின் கவுன்சிலுக்கும் பேரவை என்பதே சரி.

ஐரோப்பியத் தெற்கு அவதான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 1962இல் ஐந்து நாடுகள் பாரிஸில் ஒப்பந்தம் செய்து தொடங்கியது. தலைமையகம் ஜேர்மனியில், தொலைநோக்கிகள் சிலியில். இன்று உறுப்பு நாடுகள் 16. பேரவைக்கு ஒவ்வொரு நாடும் இரண்டு பிரதிநிதிகளை அனுப்பும். அவர்களில் ஒருவராவது வானியலாளராக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. சந்தா அந்தந்த நாட்டின் வருமானத்தைப் பொறுத்தது. ஆனால் பேரவையில் நாட்டுக்கு ஒரு வாக்குத்தான், கூடுதலாகக் கட்டும் ஜேர்மனிக்கும் அதே ஒன்று. அக்கரைப்பற்றுப் பக்கத்தில் பள்ளிவாசல் நிருவாகத்துக்குக் குடிக்கொரு மரைக்கார், அதாவது தாய்வழிக் குலத்துக்கொரு பிரதிநிதி, வரும் பழைய முறையை அறிந்தவர்களுக்கு இதைப் புரியவைக்கச் சிரமப்பட வேண்டியதில்லை.

வரவு செலவுத் திட்டத்தை ஏற்பதும் கொள்கை வகுப்பதும் பேரவைதான். பணிப்பாளர் நாயகத்தை நியமிப்பதும் அதுவே. (தமிழ்நாட்டு வாசகர்கள் ‘தலைமை இயக்குநர்’ என்று படித்துக்கொள்ளலாம்.)

அப்புறம் ஆலோசனை. வடமொழியில் இதன் வேர் ‘பார்த்தல்’ என்ற பொருளுடையது, கண்ணைக் குறிக்கும் ‘லோசனம்’ இதற்கு உறவு. வானத்தைப் பார்க்கிறவர்களுக்குப் பொருத்தமான சொல்தான். ஆனால் நம் வழக்கில் ‘கலந்தாலோசித்து முடிவெடுத்தார்கள்’ என்று ஆலோசனையும் முடிவும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. அதனால் எனக்கு ‘மதியுரை’ பிடிக்கும். சொல்வதோடு நின்றுவிடும் சொல் அது, கேட்பதும் விடுவதும் மற்றவர் பாடு. அறிவியல், தொழினுட்ப விடயங்களில் பேரவைக்கும் பணிப்பாளர் நாயகத்துக்கும் கருத்துச் சொல்லும் குழுவை ‘அறிவியல் தொழினுட்ப மதியுரைக் குழு’ என்றால் அதன் எல்லை பெயரிலேயே தெரியும். பணத்துக்கு நிதிக் குழு. தொலைநோக்கியைப் பயன்படுத்துகிறவர்களின் குறைநிறைகளைச் சொல்லப் பயனர் குழு.

பெயர் வைக்கச் சிக்கலானது இன்னொரு குழு. தொலைநோக்கியில் இருக்கும் இரவுகளைவிட அவற்றைக் கேட்டு வரும் விண்ணப்பங்கள் பல மடங்கு. அவற்றை வாசித்துத் தரம் பிரிக்க வானியலாளர் குழு ஒன்று உண்டு. யார் கேட்கிறார் என்பது மதிப்பீட்டைச் சாய்க்காதிருக்க, விண்ணப்பித்தவர் பெயர் மதிப்பிடுகிறவருக்குத் தெரியாத முறையும் இப்போது நடைமுறையில் இருக்கிறது. இதைத் ‘தெரிவுக் குழு’ என்று எழுதத் தோன்றும், எழுதக்கூடாது. நேரத்தை ஒதுக்குவது பணிப்பாளர் நாயகம், குழு செய்வது பரிந்துரை. ‘அவதானத் திட்ட மதிப்பீட்டுக் குழு’ என்றால் போதும்.

சங்க காலத்தில் நாணயத்தை உரசித் தரம் பார்த்தவனுக்கு ‘வண்ணக்கன்’ என்று பெயர். இந்தக் குழுவினருக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது. ஆனால் மட்டக்களப்பில் வண்ணக்கர் என்றதும் எல்லோருக்கும் கோயில் நிருவாகிதான் நினைவுக்கு வருவார், கோயிலுக்குப் பேர்போன கொக்கட்டிச்சோலைக்காரரிடம் இதைச் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.