மில் ஏறியது, பள்ளியில் பணம் ஏன் கூடவில்லை?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜனவரியில் வீட்டு வரி பில் வந்ததும் அதே கேள்வி: "பள்ளி வரி ஒரு மில் ஏறியிருக்கிறதே, கூடுதல் ஆசிரியர்கள் எங்கே?" வரமாட்டார்கள். எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் மண்டையில் ஏற மறுக்கிறது. மில் என்பது சொத்து வரி விகிதத்தின் அலகு: வரிக்கான மதிப்பீட்டில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர்.

ஒரு பள்ளி மாவட்டத்துக்கு எவ்வளவு என்பதை மாணவர் எண்ணிக்கையை வைத்து மாநிலச் சூத்திரம் முடிவு செய்கிறது. உள்ளூர் வரி போக மிச்சத்தை மாநிலம் போடும். உள்ளூர் வரி தம்பி, மாநிலம் அண்ணன் என்று வையுங்கள். பில் பத்து ரூபாய் என்றால், தம்பி எட்டுப் போட்டால் அண்ணன் இரண்டு. தம்பி ஐந்து போட்டால் அண்ணன் ஐந்து. பில் பத்துதான்!

தம்பி குறைவாகப் போட்டதுதான் பிழை. 1992-இன் டேபர் (TABOR) என்ற மாநில அரசியலமைப்புத் திருத்தம் வரி வருவாய்க்கு வரம்பு கட்டியது. பெரும்பாலான மாவட்டங்களின் வாக்காளர்கள் அதைத் தளர்த்திய பிறகும், கல்வித் துறை சொன்னபடி மில்லைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 2007-இல்தான் நின்றது. 2020 சட்டம் விகிதத்தைப் பழைய இடத்துக்கு, அதிகபட்சம் 27 மில்லுக்கு, ஏற்றி, வித்தியாசத்தைத் தற்காலிகக் கழிவாகக் கொடுத்தது. 2021 சட்டம் அந்தக் கழிவை ஆண்டுக்கு ஒரு மில்லுக்கு மிகாமல் கரைக்கிறது. உங்கள் பில்லில் ஏறும் மில் இதுதான்; தம்பி கூடப் போடும் அளவுக்கு அண்ணன் குறைத்துக்கொள்கிறான். புது வாக்கெடுப்பு தேவையில்லை என்று மாநில உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று. "ஓட்டுப் போடாமல் வரியா" என்று கொதிப்பவர்கள் தயவுசெய்து அந்தத் தீர்ப்பைப் படியுங்கள்.

தொகையையும் பாருங்கள். 4,00,000 டாலர் வீட்டுக்கு, 2021-இல் இருந்த 7.15% விகிதப்படி வரிக்கான மதிப்பீடு 28,600 டாலர். ஆக ஒரு மில் ஏறினால் ஆண்டுக்கு 28.60 டாலர். கழிவு 7 மில் இருந்தால் தீரக் குறைந்தது ஏழு ஆண்டு.

இதற்காக அசெசரிடம் (சொத்து மதிப்பீட்டு அதிகாரியிடம்) ஆட்சேபம் கொடுக்காதீர்கள். அவர் வீட்டின் மதிப்பைத் திருத்துவார், மில்லைத் தொடமாட்டார். பள்ளிக்கு நிஜமாகவே கூடுதல் பணம் தருவது வாக்காளர் தனியாக ஒப்புக்கொண்ட ஓவர்ரைட் மில். கேள்வியை அங்கே கேளுங்கள்.

மாவட்டக் கணக்கு அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. டிசம்பர் 15-க்குள் கவுண்டிக்கு அனுப்பும் சான்றில் மொத்த மில், கழிவு, நிகரம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். ஓவர்ரைட் மில்லையும், கடன் பத்திரங்களை அடைக்கும் பாண்ட் மில்லையும் அதில் கலக்காதீர்கள். போன வருடக் கழிவை அப்படியே நகலெடுக்காமல் துறையின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த பிறகு திருத்துவது பெரும் பாடு.