வெள்ளம் நின்ற தோப்பு ஏன் பளிச்சென்று தெரிகிறது?

செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு நிலத்தை ஆராயும் தொலையுணர்வு ஆய்வகத்தில் ஆய்வு செய்யும் நாகர்கோவில் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ரேடார் படத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும் என்று படித்தோம். ஆனால் வெள்ளம் சூழ்ந்த தென்னந்தோப்பு முன்பைவிட வெளிச்சமாகத் தெரிகிறதே, எங்கள் கணக்கு தப்பா?”

தப்பில்லை. ரேடார் பார்க்கும் விதத்தின் ஆகப் பெரிய அழகே அதுதான்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் வெள்ளம் வரும்போது வானம் மூடித்தான் கிடக்கும். 2021 நவம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். கேமரா உள்ள செயற்கைக்கோளுக்கு அப்போது மேகம் மட்டுமே தெரியும். சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோளோ சுமார் 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. அலைநீளம் ஏறத்தாழ 5.6 சென்டிமீட்டர். மேகத்துளிகள் அதற்கு மிகச் சிறியவை, தடுப்பதில்லை.

அலை நேர் கீழே இறங்காது, பக்கவாட்டில் சாய்ந்து வரும். சலனமில்லாத குளத்தில் பட்டால் மறுபக்கம் தெறித்துப் போய்விடும். செயற்கைக்கோளுக்கு எதுவும் திரும்பாததால் குளம் கறுப்பு.

இப்போது தோப்புக்கு வருவோம். தரையில் தண்ணீர், அதில் செங்குத்தாகத் தென்னைத் தடி. சாய்ந்து வரும் அலையின் கீழ்நோக்கிய ஓட்டத்தை நீர்ப்பரப்பு மேல்நோக்கித் திருப்புகிறது. முன்னோக்கிய ஓட்டத்தை மரத்தடி பின்னோக்கித் திருப்புகிறது. இரண்டும் திரும்பிவிட்டால் அலை வந்த வழியேதான் போகவேண்டும். கேரம் பலகையின் மூலையில் இரண்டு பக்கமும் மோதிய ஸ்ட்ரைக்கர் அடித்தவர் பக்கமே வருகிறதல்லவா, அப்படி. இதைவிட வியப்பு ஒன்று உண்டு. மரத்தின் எந்த உயரத்தில் பட்டு நீரில் மோதினாலும், அலை கடந்த மொத்தத் தூரம் மரத்தின் அடிவரை போய்வந்த தூரத்துக்குச் சமம்! அதனால் எல்லா அலைகளும் ஒரே நேரத்தில் திரும்பி, ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. சாதாரண நாளில் தோப்பின் கரடுமுரடான மண் அலையைச் சிதறடித்துவிடும். வெள்ளம் அந்தத் தரையை வழவழப்பாக்கியதும் தோப்பு ஒளிர்கிறது.

மரங்கள் இடைவிட்டு நிற்கும் தோப்பில்தான் இது நன்றாக நடக்கும். அடர்ந்த ரப்பர் தோட்டத்தில் இந்த அலை பெரும்பாலும் இலைகளிலேயே சிக்கிவிடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளில் 24 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள அலையும் இருக்கிறது. அது இலைகளைக் கடந்து இன்னும் உள்ளே போகும்.

எதிர்மாறான குழப்பமும் வரும். ஆரல்வாய்மொழிக் காற்றில் குளத்து நீர் சிற்றலையடித்தால் கறுப்பு வெளுத்துவிடும். தாமரை மூடிய குளமும் நீர்போலத் தெரியாது.

சென்டினல் படங்கள் இலவசம். ஆனால் தோப்புக்குப் போய்வர மாணவருக்கு யார் பணம் தருகிறார்கள்? பெரிய கணினிக்குக் கிடைக்கும் நிதியில் ஒரு சிறு பங்கையாவது களப்பயணத்துக்கு ஒதுக்கவேண்டும் என்று வாதாடி வருகிறேன், இன்னும் வாதாடுவேன். தோப்புக்காரரிடம் தண்ணீர் எந்தத் தேதியில், எத்தனை அடி நின்றது என்று கேட்காமல் இந்த வெளிச்சத்தை உறுதிசெய்ய முடியாது. மழையில் நனைந்த வெறும் மண்ணும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டும் என்பதால், முந்தைய மழைநாட்களின் படங்களையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.