மட்டக்குதிரையின் வயிறும் பசும்புல்லின் சர்க்கரையும்

பச்சைப் பசேலென்று புல் மண்டிய வயலில் ஒரு மட்டக்குதிரையை அவிழ்த்துவிட்டால், இதைவிட நல்ல வாழ்வு அதற்கு வேறில்லை என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் மேயும் மட்டக்குதிரைக்குப் பெரிய ஆபத்து இந்தச் செழிப்பிலேயே ஒளிந்திருக்கிறது.

பிரிட்டனின் ஷெட்லாண்ட், எக்ஸ்மூர், டார்ட்மூர் போன்ற மட்டக்குதிரை இனங்கள் குளிர்காற்று வீசும் மேட்டு நிலங்களில் உருவானவை. அங்கே கிடைப்பது நார் மிகுந்த, சத்துக் குறைந்த புல். அதை நாளெல்லாம் மென்று, கிடைக்கிற கொஞ்சச் சக்தியையும் கொழுப்பாகச் சேமிக்கத் தெரிந்த குதிரைகள்தாம் பிழைத்தன. அதே உடலைக் கொழுத்த மேய்ச்சல் நிலத்தில் கொண்டுவந்து விடும்போது சிக்கல் தொடங்குகிறது.

முதலில் வயிற்றைப் பார்ப்போம். குதிரையின் இரைப்பை மிகச் சிறியது. பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். அதனால் வாய் பல மணி நேரம் ஓய்ந்திருந்தால் இரைப்பையின் சுவர் புண்ணாகும். குதிரை ஒரு நாளில் 14, 16 மணி நேரம் மேய்வதைப் பெருந்தீனி என்று நினைத்துவிடக் கூடாது. அதன் உடலமைப்பே அப்படித்தான்.

மாடு நாரை முதலில் நொதிக்க வைத்து, பிறகே சிறுகுடலுக்கு அனுப்புகிறது. குதிரைக்கு வரிசை தலைகீழ். சர்க்கரை, மாவுச்சத்து, புரதம் எல்லாம் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். மிஞ்சிய நார் பெருங்குடலுக்கும் அதன் தொடக்கத்தில் இருக்கும் பெரிய பைக்கும் போகிறது. அங்கே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் செல்லுலோஸைச் சிதைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. புல் மேயும் குதிரைக்குச் சக்தியின் பெரும்பகுதி இதிலிருந்துதான். தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் இந்த நுண்ணுயிர்க் கூட்டம் குலைந்து வயிற்றுவலி வரும். எந்த மாற்றத்தையும் 10, 14 நாட்களில் மெல்ல மெல்லச் செய்யச் சொல்வது அதற்காகத்தான்.

சரி, புல்லில் என்ன ஆபத்து? பகல் வெயிலில் புல் சர்க்கரை தயாரிக்கிறது. இரவில் அதைச் செலவழித்து வளர்கிறது. குளிர் நாட்டுப் புல் வகைகள் மிஞ்சியதை ஃபிரக்டான் என்ற வடிவில் சேமிக்கின்றன. வழக்கமான நாளில் சர்க்கரை அதிகாலையில் குறைவாகவும் பிற்பகலில் கூடுதலாகவும் இருக்கும். உறைபனி இரவில் கணக்கு மாறிவிடும். வெப்பநிலை சுமார் 5 டிகிரிக்குக் கீழே போனால் புல் வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும், சேர்த்த சர்க்கரை அப்படியே தங்கிவிடும். வானம் தெளிந்த, உறைபனி படிந்த காலையில் அந்த வயல் நிறைய இனிப்பு காத்திருக்கிறது. ஒட்ட மேயப்பட்ட கட்டைப் புல்லையும் நம்ப முடியாது, ஃபிரக்டான் சேர்வது தண்டின் அடிப்பகுதியில்தான்.

இந்தச் சர்க்கரை இரத்தத்தில் ஏறும்போது இன்சுலின் எகிறுகிறது. மட்டக்குதிரைகளில் பல, சர்க்கரைக்கு மிகையாக இன்சுலின் சுரப்பவை. உடல் பருத்தால் நிலைமை இன்னும் மோசம். 2007-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ஆரோக்கியமான மட்டக்குதிரைகளின் இரத்தத்தில் இன்சுலினை மட்டும் தொடர்ந்து உயர்த்தி வைத்தார்கள். மூன்று நாட்களுக்குள் அவை அத்தனைக்கும் லாமினைட்டிஸ் வந்தது. குளம்புக்குள் இருக்கும் எலும்பும் குளம்பின் சுவரும், கோத்த கைவிரல்கள் போன்ற மெல்லிய மடிப்புகளால் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பு தளர்ந்துபோவதுதான் இந்த நோய். முற்றினால் எலும்பே கீழ்நோக்கித் திரும்பிவிடும். ஒவ்வோர் அடியும் வேதனை. தடுக்கக்கூடிய நோய் என்பதால் இதைப் பார்க்கும்போது மனம் இன்னும் கனக்கிறது.

அப்படியென்றால் தீனியைக் குறைத்துவிடலாமா? இங்கேதான் கவனம் வேண்டும். வாய் ஓயக் கூடாது, சர்க்கரையும் ஏறக் கூடாது. கொழுத்த மட்டக்குதிரையைத் திடீரெனப் பட்டினி போட்டால், உடல் தன் கொழுப்பை மொத்தமாக இரத்தத்தில் கொட்டும். கல்லீரல் அதைத் தாங்காமல் உயிரே போகலாம். மேயும் நேரத்தை மட்டும் குறைப்பதும் அவ்வளவாகப் பலிப்பதில்லை. கிடைத்த சில மணி நேரத்தில் அது அசுர வேகத்தில் மேய்ந்துவிடும்.

கணக்கு இதுதான்: ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் தீனி போதும், அதுவும் தண்ணீரைக் கழித்த உலர் எடையில். 200 கிலோ மட்டக்குதிரைக்கு 3, 4 கிலோ. பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், புல்லாகக் கொடுத்தால் 15 முதல் 20 கிலோ. தடையில்லாமல் மேய விட்டால் இதைப்போல் இரண்டு மடங்கு கூடத் தின்னும். என்னைக் கேட்டால், சிறு துளையிட்ட வாய்க்கூடை கட்டி மேய விடுவதும், வயலைக் கீற்றுக் கீற்றாகத் தடுத்துத் திறந்துவிடுவதும்தான் நல்ல வழிகள். முற்றிய பிறகு அறுத்த உலர்புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சர்க்கரை இன்னும் குறையும்.

குளிர்காலத்தில் நிலைமை வேறு. புல் வளராது, இருப்பதிலும் சத்து குறைவு. அப்போது தானியத்தைவிட உலர்புல்லைக் கூட்டிக் கொடுப்பதே மேல். நார் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. குதிரைக்கு உள்ளேயே ஓர் அடுப்பு எரிகிற மாதிரி. உலர்புல்லில் ஈரம் குறைவு என்பதால் தண்ணீர்த் தொட்டியின் பனிக்கட்டியைத் தினமும் உடைத்தாக வேண்டும். தண்ணீர் குறைந்தால் குடல் அடைத்துக்கொள்ளும். புல்லில் சோடியம் குறைவு, பல நிலங்களில் தாமிரம், துத்தநாகம், செலினியமும் போதாது. அதனால் நக்குவதற்கு ஓர் உப்புக் கட்டியும், சக்தி ஏற்றாத கொஞ்சம் தாது உப்புக் கலவையும் தேவைப்படும்.

குளிர்காலத்தில் ஓரளவு இளைப்பது இந்த விலங்குகளுக்கு இயல்பு. கோடையில் சேர்த்த கொழுப்பு அப்போது கரைந்தால்தான் அடுத்த வசந்தப் புல்லை உடல் தாங்கும். ஆனால் அடர்ந்த ரோமம் எதையும் காட்டாது. வாரம் ஒருமுறை கையை வைத்து விலாவைத் தடவிப் பார்க்க வேண்டும்: லேசாக அழுத்தும்போது எலும்புகள் தட்டுப்பட்டால் சரி, கூராகத் துருத்தினால் உலர்புல்லைக் கூட்ட வேண்டும், தேடினாலும் அகப்படாவிட்டால் வசந்தம் வருவதற்குள் எடையைக் குறைக்கத் தொடங்கியாக வேண்டும்.