மாடு வைத்திருக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்

போன மார்கழியில் தாத்தா போய்விட்டார். வயது 79. எனக்கு உறவு கிடையாது. வடக்கு பெங்களூரில் ராச்சேனஹள்ளி ஏரிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஏழு மாடுகள் வைத்திருந்தவர். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று எந்த வீடானாலும் அவர் தாத்தாதான். அந்தப் பக்கம் பதினைந்து வருடமாக மாட்டு வைத்தியம் பார்க்கிறேன். பதினாறாம் நாள் காரியத்தில் ஆளாளுக்கு அவரைப் பற்றிப் பேசினார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, பேச முடியவில்லை. அன்றைக்குச் சொல்ல நினைத்ததை, மாட்டிடமிருந்து அவருக்கு வந்த ஒரு காய்ச்சலின் கதையையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

போளூர் பக்கத்திலிருந்து சின்ன வயதில் பிழைக்க வந்தவர். அவர் வீட்டு மாடு கன்று போட்டால், கன்று வயிறாரக் குடித்த பிறகு மிச்சமிருக்கும் சீம்பால் தூக்குச்சட்டியில் வீடு வீடாகப் போகும். கன்னடக்கார வீட்டில் அது வெல்லம் ஏலக்காய் போட்ட கின்னுவாக மாறும், ஒரு கிண்ணம் அவருக்கே திரும்பி வரும். கஷ்டப்படுகிற வீட்டில் பால் கணக்கு நோட்டை வெளியே எடுக்கவே மாட்டார்.

வீட்டுக்குள் அடங்குகிற மனிதரும் இல்லை. விடியும் முன்னே ஏரிக்கரையில் புல் அறுப்பார். கூழைக்கடா இறங்குவதைப் பார்த்தே மீன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோற்றோடு ரயில் ஏறி, தொட்டபள்ளாபுரம் தாண்டி மாகாளிதுர்கா மலைக்குப் போய்விடுவார். திரும்பும்போது கையில் மாட்டுக்கு ஆகிற தழை ஏதாவது இருக்கும்.

யார் வீட்டு மாடு கன்று போட முடியாமல் திணறினாலும், ராத்திரி எத்தனை மணியானாலும் போவார். நான் வண்டியை நிறுத்துவதற்குள் சட்டையைக் கழற்றி, முழங்கை வரை விளக்கெண்ணெய் தடவி, கன்றின் முன்னங்காலைப் பிடித்திருப்பார். வெறுங்கை. அதைப் பல வருடம் பார்த்தும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தக் கையின் பக்குவத்தில் எனக்கு அத்தனை மரியாதை. சொல்லாதது என் தப்பு.

2018இல் பக்கத்துத் தெருவில் ஒரு மாடு ஏழாம் மாதச் சினையில் கன்று வீசிவிட்டது, அதாவது கரு கலைந்துவிட்டது. இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழவில்லை. தாத்தாதான் கையை விட்டு எடுத்தார். அன்று காலைதான் புல் அறுக்கும்போது கருக்கரிவாள் பட்டுக் கட்டைவிரல் கிழிந்திருந்தது, துணி சுற்றியிருந்தார். ஈரத்தில் துணி நழுவ, அவிழ்த்து எறிந்துவிட்டு வேலையை முடித்தார். அப்புறம் ஊர் வழக்கப்படி இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டார்கள். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாடு நிறையக் கறக்கும் என்பது நம்பிக்கை. காக்கை கொத்தியது போக மிச்சத்தை நாய் இழுத்துக்கொண்டு போனது.

ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் ஆரம்பித்தது. சாயங்காலம் ஏறும், ராத்திரி பாய் நனைகிற அளவுக்கு வியர்க்கும், காலையில் ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். ஒரு கிளினிக்கில் டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள். குறைந்தது, திரும்ப வந்தது. இன்னொரு இடத்தில் காசநோயோ என்று சளியைச் சோதித்தார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டு நடக்கவே முடியவில்லை, வயசாயிடுச்சு என்றார்கள். நான்கு மாதம் இப்படியே போனது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவருடைய மாடு ஒன்றும் கன்று வீசியதால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். போனால் தாத்தா கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாடுகளின் ரத்தத்தை எடுத்து ரோஸ் பெங்கால் சோதனை செய்தோம். கண்ணாடித் தட்டில் ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் சீரம் ஒரு சொட்டு, பக்கத்தில் ரோஜா நிறத்தில் ஒரு சொட்டு மருந்து, கலந்து நான்கு நிமிடம் ஆட்ட வேண்டும். நோய் இல்லையென்றால் கலவை அப்படியே இருக்கும், இருந்தால் பால் திரிந்தது போலத் திப்பித் திப்பியாகப் பிரியும். ஏழில் மூன்று திரிந்தன. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து தாத்தாவைப் பெரிய மருத்துவரிடம் அனுப்பினேன். அவருக்கும் அதே நோய்தான்.

கன்று வீச்சு நோய், மருத்துவப் பெயர் புருசெல்லோசிஸ். 1887இல் மால்டா தீவில், காய்ச்சலில் இறந்த சிப்பாய்களிடமிருந்து இந்த வகைக் கிருமியை முதலில் பிரித்தெடுத்தவர் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர். அது ஆட்டுப்பால் வழியாக வந்தது என்று தெரிய 1905 ஆகிவிட்டது. மாடு வீசிய கன்றிலும், இளங்கொடியிலும், அதோடு வரும் நீரிலும் கிருமி மொய்த்துக் கிடக்கும். கையில் உள்ள கீறல், கண்ணில் தெறிக்கும் ஒரு துளி, காய்ச்சாத பால், எதுவும் அதற்கு வழிதான். சினைக் கடைசி மாதங்களில் கன்று வீசினால், வேறு காரணம் என்று தெரியும் வரை இதுவாக இருக்கும் என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள். முழங்கை தாண்டும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகள் கொட்டகைப் பக்கமே வர வேண்டாம். இளங்கொடியை மரத்தில் கட்டாமல், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். 30க்கு 40 அடி சைட்டில் வீட்டையும் கொட்டகையையும் வைத்திருப்பவர் எங்கே குழி தோண்டுவார் என்பது நியாயமான கேள்வி. இடம் இல்லாதவர்கள் சாக்கில் இறுகக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு உடனே எங்களைக் கூப்பிடுங்கள்.

கறந்த சூட்டோடு நுரைப்பால் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று பேரனுக்கு டம்ளரில் பிடித்துக் கொடுப்பார் தாத்தா. அதையும் நிறுத்தினோம். பால் பொங்கக் காய்ந்தால் கிருமி செத்துவிடும், பயம் வேண்டாம்.

ஆறு வாரம் இரண்டு வகை மாத்திரை. நடுவில் காய்ச்சல் விட்டதும் நிறுத்தப் பார்த்தார், மருமகள் விடவில்லை. நடுவில் நிறுத்துகிறவர்களுக்கு இது திரும்ப வருவது அதிகம். அடுத்த மழைக்காலத்துக்குள் மாகாளிதுர்கா ஏறிவிட்டார்.

சரி, மூன்று மாடுகள்? மாட்டுக்கு இதில் நம்பிச் செய்யக்கூடிய வைத்தியம் கிடையாது. பார்வைக்கு மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. தரகர் வந்து நல்ல விலை சொன்னார். தாத்தா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். "வாங்கற வூட்லயும் ஒரு கிழவன் இருப்பான் இல்ல கண்ணு?" என்று என்னிடம் சொன்னார். மூன்றையும் தனியாகக் கட்டி, சினைக்கு விடாமல், மற்ற மாடுகளைக் கறந்த பிறகே கறந்து, கறவை வற்றிய பிறகும் சாகும்வரை தீனி போட்டார்.

இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. எஸ் 19 என்று பெயர். நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுக்கு, அதாவது பெண் கன்றுக்கு, வாழ்நாளில் ஒரே முறை. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக் கூடாது. எட்டு மாதம் தாண்டவிட்டு என்னிடம் ஓடி வருகிறவர்கள்தான் அதிகம். ஊசி போட வரும் நாளில் தாத்தா முன்னால் நடந்து, எந்த வீட்டில் எத்தனை மாதக் கிடேரி என்று விரல்விட்டுச் சொல்லுவார்.

கொட்டகைத் தூணில் ஆணி அடித்து ஒரு கையுறைப் பெட்டி மாட்டியிருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தீர்ந்தால் அவரே வாங்கி வைப்பார். போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து போன். "டாக்டரம்மா, கன்னு கால் வெளிய தெரியுது. தாத்தா வூட்லருந்து கையுறை எடுத்தாந்து போட்டுட்டோம். நீங்க வாங்க."